ஓரக்குறிப்பில் ஒரு சொல்: மெக்சிகோவின் கோயில் பதிவேடுகளில் மூதாதையரைத் தேடுவது

1806 மார்ச் 22. மெக்சிகோவின் தெற்கே, வஹாகா மலைப்பகுதியில் இஸ்த்லான் என்னும் ஊரின் பங்குக்கோயில். முந்தைய நாள் பிறந்த ஓர் ஆண் குழந்தைக்குத் திருமுழுக்கு கொடுத்துவிட்டு, பாதிரியார் பதிவேட்டைத் திறந்து எழுதுகிறார். குழந்தையின் பெயர் பெனித்தோ பாப்லோ. தந்தை மார்செலினோ ஹுவாரெஸ், தாய் பிரிகிதா கார்சியா. முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளை. தந்தைவழித் தாத்தா, பாட்டி: பெத்ரோ ஹுவாரெஸ், ஹுஸ்தா லோபெஸ். தாய்வழித் தாத்தா, பாட்டி: பாப்லோ கார்சியா, மரியா கார்சியா. ஞானத்தாய் அப்போலோனியா கார்சியா.

சில வரிகள்தான். அதற்குள் மூன்று தலைமுறை அடங்கிவிட்டது. கூடவே ஒரு சொல்லும் இரண்டு இடங்களில் வருகிறது. பெற்றோர் 'இந்தியோக்கள்'. ஞானத்தாய் 'இந்தியா', அதாவது இந்தியோ என்பதன் பெண்பால். பெயர் இல்லாமல்கூட ஒரு மனிதரைப் பதிவேட்டில் எழுதிவிட முடிந்த காலம் அது. இந்தச் சொல் இல்லாமல் எழுதுவதுதான் கடினம்.

அந்தக் குழந்தைக்கு மூன்று வயதாகும்போது தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள். பதிவேட்டில் பெயர் உள்ள அதே தந்தைவழித் தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள். அவர்களும் போன பிறகு சித்தப்பா வீட்டில் ஆடு மேய்த்தான். சபோடெக் மொழி மட்டுமே தெரிந்த பையன், 1818இல் பன்னிரண்டு வயதில் வீட்டைவிட்டு வஹாகா நகரத்துக்கு நடந்தே போனான். அவன்தான் பின்னாளில் மெக்சிகோவின் குடியரசுத் தலைவரான பெனித்தோ ஹுவாரெஸ். 1859 ஜூலை 28 அன்று, பிறப்பையும் திருமணத்தையும் இறப்பையும் பதிவுசெய்யும் அதிகாரத்தைப் பாதிரியார்களிடமிருந்து பிடுங்கி அரசிடம் கொடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. எந்தப் பேனா தன்னை 'இந்தியோ' என்று எழுதியதோ, அந்தப் பேனாவை அந்த மேசையிலிருந்து அகற்றியவர் என்று இதைச் சொல்லலாம்.

சாதி எதிர்ப்புத் தளத்தில் மெக்சிகோவின் கோயில் பதிவேட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு சொற்கள் காரணம். மேற்கே கடல்வழியாக ஆசியாவுக்குப் போவதாக நினைத்துக்கொண்டு கரையிறங்கிய கொலம்பஸ், அங்கிருந்த மக்களுக்கு நம் நாட்டின் பெயரைச் சூட்டினார். அந்தப் பிழைதான் 'இந்தியோ'. அதே ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து கிழக்கே நம் கடற்கரைக்கு வந்த போர்ச்சுகீசியர்கள், இங்கே கண்ட சமூக அமைப்புக்குத் தங்கள் மொழியில் குலம், வம்சம், இனம் என்ற பொருளுள்ள ஒரு சொல்லைச் சூட்டினார்கள். அந்தச் சொல் 'காஸ்தா'. ஆங்கிலத்தில் போய் 'காஸ்ட்' ஆனது அதுதான். மெக்சிகோவில் அதே 'காஸ்தா', ஸ்பானியரும் அல்லாத, தனித்த பழங்குடியினரும் அல்லாத, கலப்பில் பிறந்த மக்களைக் குறிக்கும் சொல்லானது. அவர்களுக்கு நம் பெயர் போனது. நமக்கு அவர்களுடைய சொல் வந்தது. சாதியைப் பற்றி உலகத்தோடு பேச நாம் பயன்படுத்தும் சொல்லுக்கு அட்லாண்டிக் கடலின் மறுகரையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது நமக்குப் பொருத்தமில்லாத வேலையல்ல.

மூன்று புத்தகங்கள்

1563இல் திரெந்து பொதுச்சங்கம் ஓர் ஆணை போட்டது. ஒவ்வொரு பங்குத்தந்தையும் திருமணங்களைப் பதிவேட்டில் எழுதிப் பாதுகாக்க வேண்டும். திருமுழுக்கில் ஞானப்பெற்றோரின் பெயரையும் குறிக்க வேண்டும். ஐரோப்பாவில் இதன் நோக்கம் இரகசியத் திருமணங்களைத் தடுப்பதும், இரத்த உறவுக்குள்ளும் ஞான உறவுக்குள்ளும் திருமணம் நடக்காமல் பார்த்துக்கொள்வதும். மெக்சிகோவில், அன்றைய பெயரில் சொன்னால் புதிய ஸ்பெயினில், இதே பதிவேடு இன்னொரு வேலையையும் செய்யத் தொடங்கியது. யார் யார் எந்த வகை என்று பிரித்து வைப்பது.

பல பங்குகளில் ஒரே பதிவேடு இருக்காது. ஸ்பானியர்களுக்கு ஒரு புத்தகம், இந்தியோக்களுக்கு ஒரு புத்தகம், காஸ்தாக்களுக்கு ஒரு புத்தகம். சிறிய ஊர்களில் ஒரே புத்தகம் இருந்தாலும், பக்கத்தின் ஓரத்தில் குழந்தையின் பெயரும் அதை ஒட்டி அதன் 'கலிதாத்'தும் எழுதப்பட்டிருக்கும். கலிதாத் என்றால் நேர்ப்பொருளில் தரம். எஸ்பான்யோல், இந்தியோ, மெஸ்திஸோ, முலாத்தோ, நெக்ரோ என்று ஒரு சொல். கோயிலுக்குள் வந்து தலையில் தண்ணீர் ஊற்றியதும் எல்லோரும் கடவுளின் பிள்ளைகள். வெளியே போகும்முன் ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்துக்குள் போய்விடுவார்கள்.

இது வெறும் எழுத்து வேலையல்ல. இந்தியோக்களும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் அரசருக்குக் கப்பம் கட்ட வேண்டும். ஸ்பானியர் கட்ட வேண்டியதில்லை. பாதிரியார் ஆக, பல்கலைக்கழகத்தில் சேர, சில கைத்தொழில் சங்கங்களில் உறுப்பினர் ஆக, 'இரத்தத் தூய்மை'யை நிரூபிக்க வேண்டும். அதற்குப் பெற்றோர், தாத்தா, பாட்டி ஆகியோரின் திருமுழுக்குச் சான்றுகளைத் திரட்டிக் கொடுக்க வேண்டும். இந்த இரத்தத் தூய்மைக் கோட்பாடு 1449இல் ஸ்பெயினின் தொலேதோ நகரத்தில், யூதத்திலிருந்து கிறித்தவத்துக்கு மாறியவர்களைப் பதவிகளிலிருந்து விலக்குவதற்காக வந்தது. கடல் கடந்ததும் அது கறுப்பின மக்கள் மீதும் பாய்ந்தது. இது எப்படி நடந்தது என்பதை வரலாற்றாய்வாளர் மரியா எலேனா மார்த்தினெஸ் 2008இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகக் காட்டுகிறார். மதம் மாறினாலும் இரத்தம் மாறாது என்ற வாதம் நமக்குப் புதியதா என்ன?

தோழியின் தேடல்

என்னோடு ஆய்வுக்கூட்டங்களில் பழக்கமான மெக்சிகத் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய பாட்டி சாகும்வரை, நாம் சுத்தமான ஸ்பானியக் குடும்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த ஸ்பானிய மூதாதையரைக் கண்டுபிடிக்கும் ஆசையில் அவள் தேடத் தொடங்கினாள். நான் ஆய்வுக்காகக் கற்ற அரைகுறை ஸ்பானிய மொழியோடு பல இரவுகள் காணொலி அழைப்பில் துணைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தத் தேடல் இன்று வீட்டிலிருந்தே முடிகிறது என்பதற்கு அமெரிக்காவின் மோர்மன் சபை காரணம். இறந்துபோன மூதாதையர்களுக்கும் அவர்கள் சார்பில் திருமுழுக்கு கொடுக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்காக உலகம் முழுவதும் வம்சாவளி ஆவணங்களைப் படம் பிடித்தார்கள். மெக்சிகோவின் கோயில் பதிவேடுகளை 1950களிலிருந்து நுண்படச்சுருளில் எடுத்து, சால்ட் லேக் நகரத்துக்கு அருகே மலையைக் குடைந்து கட்டிய காப்பகத்தில் வைத்தார்கள். இன்று அவை பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

வழி இதுதான். முதலில் தெரிந்தவரிடமிருந்து தொடங்க வேண்டும். பாட்டியின் அரசுப் பிறப்புச் சான்றில் அவருடைய தாத்தா பாட்டிகளின் பெயர்கள்கூட இருக்கும். ஹுவாரெஸின் சட்டத்துக்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டுமென்றால் கோயில்தான் கதி. கோயிலில் முதலில் பார்க்க வேண்டியது திருமணப் பதிவு. அதில் மணமக்களின் வயது, பிறந்த ஊர், இப்போது வாழும் ஊர், இரு தரப்புப் பெற்றோர் எல்லாம் இருக்கும். வயதைக் கழித்துப் பார்த்து, பிறந்த ஊரின் திருமுழுக்குப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். அங்கே தாத்தா பாட்டி பெயர் கிடைத்தால், அவர்களுடைய திருமணத்தைத் தேட வேண்டும். இப்படியே படிப்படியாகப் பின்னால் போவது.

நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் 'ஓலை வாசிப்பது' என்று சொல்வார்களே, அது அங்கும் உண்டு. திருமணத்துக்கு முன் மூன்று முறை கோயிலில் அறிவிப்பார்கள். தடை ஏதும் இருந்தால் ஊரார் சொல்ல வேண்டும். மணமக்கள் உறவுக்காரர்களாக இருந்தால் ஆயரிடம் விதிவிலக்கு கேட்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் பொது மூதாதையர் யார் என்று காட்ட ஒரு வம்ச மரத்தையே வரைந்து இணைத்திருப்பார்கள். வேர் தேடுபவருக்கு இப்படி ஒரு தாள் கிடைத்தால் அன்று திருவிழாதான். இன்னொரு வசதியும் உண்டு. ஸ்பானிய மரபில் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரை விடுவதில்லை. அதனால் தாய்வழியையும் தேடிப் போகலாம்.

சிக்கல்களும் உண்டு. கையெழுத்து, கரையான், ஈரம். எழுத்துக் கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். ஹுவாரெஸ் என்ற ஒரே பெயரை மூன்று விதமாக எழுதுவார்கள். இணையத்தில் பெயரைத் தட்டினால் வருவது யாரோ பெயர்த்தெழுதிய குறிப்பு மட்டுமே. பக்கத்தின் படத்தைத் திறந்து ஓரக்குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தோழி அப்படித் திறந்தாள். குவானாஹுவாத்தோ பகுதியில் ஒரு சிறு ஊர். 1790களில் ஒரு திருமணம். மணமகளின் பெயருக்குப் பின்னால் 'மெஸ்திஸா' என்று இருந்தது. சரி, ஸ்பானியருக்கும் பழங்குடிக்கும் பிறந்தவர் என்று எடுத்துக்கொண்டோம். அவருடைய திருமுழுக்கைத் தேடிப் பிடித்தோம். அங்கே அவர் 'முலாத்தா லிப்ரே', அடிமையல்லாத முலாத்தா. அதாவது ஆப்பிரிக்க வம்சம். தாயின் பெயரை அடுத்து 'இன்னாருடைய அடிமையாக இருந்தவர்' என்று ஒரு குறிப்பு. இதே பெண்ணுக்குப் பின்னாளில் பிறந்த கடைசிப் பிள்ளையின் ஓரக்குறிப்பில் 'எஸ்பான்யோல்' என்று இருக்கிறது. மூன்று பதிவு, மூன்று கலிதாத், ஒரே குடும்பம். பாட்டி சொன்னதும் பொய்யில்லை. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் ஸ்பானியர்தான்.

தோழி வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அதை அங்கேயே விட்டுவிடு என்றாராம் அம்மா. பாதிரியார் தவறாக எழுதியிருப்பார் என்று மாமா சொன்னாராம். எஸ்பான்யோல் என்று எழுதிய பாதிரியார் மட்டும் தவறே செய்யவில்லை போலும்.

ஏணி சாயவில்லை

இப்படிக் கலிதாத் மாறுவது விதிவிலக்கல்ல. டக்ளஸ் கோப், பென் வின்சன் போன்ற வரலாற்றாய்வாளர்கள் பதிவேடு பதிவேடாகப் புரட்டி இதைக் காட்டியிருக்கிறார்கள். பாதிரியார் முகத்தைப் பார்த்தார், உடையைப் பார்த்தார், தொழிலைப் பார்த்தார், யார் ஞானப்பெற்றோர் என்று பார்த்தார், பேச்சைக் கேட்டார், பிறகு எழுதினார். விடுதலைப் போரின் தலைவர்களில் ஒருவரான ஹோசே மரியா மொரேலோஸ் ஆப்பிரிக்க வம்சமும் கலந்தவர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. 1765இல் வல்லதோலித் நகரத்தில் அவருக்கு நடந்த திருமுழுக்குப் பதிவில் பெற்றோர் ஸ்பானியர் என்றே இருக்கிறது. இன்று அந்த நகரத்துக்கே அவர் பெயரால் மொரேலியா என்று பெயர்.

18ஆம் நூற்றாண்டில் 'காஸ்தா ஓவியங்கள்' என்றே ஒரு வகை இருந்தது. பெரும்பாலும் பதினாறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தந்தை, ஒரு தாய், ஒரு பிள்ளை. ஸ்பானியருக்கும் இந்தியப் பெண்ணுக்கும் பிறந்தால் மெஸ்திஸோ. மெஸ்திஸோவுக்கும் ஸ்பானியருக்கும் பிறந்தால் காஸ்தீஸோ. காஸ்தீஸோவுக்கும் ஸ்பானியருக்கும் பிறந்தால் மறுபடி ஸ்பானியர். மூன்று தலைமுறையில் 'சுத்தம்' திரும்பிவிடும். கறுப்பின இரத்தத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அந்தக் கட்டங்களில் ஓநாய் என்று ஒரு வகை, கோயோத்தே என்னும் காட்டு நாயின் பெயரில் ஒரு வகை, 'பின்னே தாவியவன்' என்று ஒரு வகை. கடைசியில் பெயர் வைத்தவருக்கே தலை சுற்றி, 'நீ யாரென்று புரியவில்லை' என்ற பொருளில் ஒரு வகை. உண்மையான பதிவேடுகளில் இவ்வளவு வகைகள் இல்லை. ஏழெட்டுச் சொற்களுக்குள் பாதிரியார்கள் முடித்துக்கொண்டார்கள். ஆனால் ஓவியங்கள் அந்தச் சமூகத்தின் மேல்தட்டு எதைக் கனவு கண்டது என்று காட்டுகின்றன. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு இந்தப் பட்டியல் எங்கோ பார்த்ததுபோல் இருக்கும். யாருக்கும் யாருக்கும் பிறந்தால் என்ன பெயர் என்று அங்கேயும் அதே கணக்குத்தான்.

இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்பதை 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் விளக்கினார். மெக்சிகோவில் கலப்பு நடந்துகொண்டே இருந்தது. அதனால்தான் ஒவ்வொரு கலப்புக்கும் பெயர் தேவைப்பட்டது. அங்கே ஒரே ஆயுளில் ஒருவர் மூன்று வகைக்குள் போய்வர முடிந்தது. இங்கே ஊர் மாறி, மதம் மாறி, நாடு மாறினாலும் சாதி கூடவே வருகிறது. அங்கேயும் மேல்தட்டு சும்மா இருக்கவில்லை. 1776இல் ஸ்பெயின் அரசர் பிறப்பித்த, 1778இல் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் நீட்டிக்கப்பட்ட ஆணை, சமமற்ற திருமணங்களைத் தடுக்கும் அதிகாரத்தைப் பெற்றோருக்குக் கொடுத்தது. முலாத்தோக்களும் கறுப்பின மக்களும் பெரும்பாலும் அந்த ஆணைக்குள் வரவில்லை. காக்க வேண்டிய கௌரவம் அவர்களுக்கு இல்லை என்று அரசர் முடிவுசெய்துவிட்டார்.

1795இல் அரசர் ஒரு விலைப்பட்டியலும் வெளியிட்டார். 'பார்தோ', அதாவது ஆப்பிரிக்கக் கலப்பினர் என்ற நிலையிலிருந்து விலக்குப் பெற 500 ரியால். 'கின்தெரோன்' என்ற, கலப்பு குறைந்த நிலையிலிருந்து விலக்குப் பெற 800 ரியால். பிறப்பின் கறைக்கு அரசாங்க விலை.

என் தோழியின் குடும்பம் மேலே ஏறியதைப் பார்த்து, பார்த்தீர்களா, அங்கே சாதி இறுக்கமாக இல்லை என்று ஒருவர் சொல்லலாம். கவனியுங்கள். மூன்று பதிவுகளிலும் நகர்வு ஒரே திசையில்தான் இருக்கிறது. கறுப்பிலிருந்து விலகி, வெள்ளையை நோக்கி. எஸ்பான்யோலாகப் பிறந்த எவரும் கௌரவத்துக்காக முலாத்தோ ஆனதாகப் பார்க்க முடியாது. சிலர் ஏணியில் ஏறினார்கள். ஏணி சாயவில்லை.

ஏடு மறைத்தவர்கள்

ஒரு பதிவேடு யாரை எளிதாகக் காட்டுகிறது, யாரை மறைக்கிறது என்று பாருங்கள். பெயருக்கு முன் 'தோன்' என்ற மரியாதை அடையுள்ள ஸ்பானியரின் வம்சம் ஆறு தலைமுறை கடகடவென்று கிடைக்கும். நிலம், உயில், நீதிமன்ற வழக்கு எல்லாம் துணைக்கு வரும். பழங்குடி மக்களுக்குப் பல ஊர்களில் குடும்பப்பெயரே கொடுக்கவில்லை. ஹுவான் தியேகோ, மரியா மக்தலேனா என்று இரண்டு புனிதர் பெயர்களோடு முடிந்துவிடும். அல்லது 'தெ லா குரூஸ்', சிலுவையைச் சேர்ந்தவர். அப்பாவுக்கு ஒரு பெயர், பிள்ளைக்கு வேறு பெயர். ஒரே ஊரில் பத்து மரியா தெ லா குரூஸ். எந்த மரியா என் மரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அடிமைப்பட்டவருக்கு அதுவும் இல்லை. ஒரு பெயர், பிறகு 'இன்னாருடைய அடிமை'. அவருடைய வேரைத் தேட வேண்டுமென்றால் எஜமானரின் சொத்துப் பட்டியலைத் தேட வேண்டும். குடியேற்றக் காலம் முழுவதும் சுமார் 2 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக மெக்சிகோவுக்குக் கொண்டுவரப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்குத் தனிச் சொற்கள் இருந்தன. 'தந்தை பெயர் தெரியாது' என்று எழுதுவார்கள். சில இடங்களில் 'கோயிலின் பிள்ளை' என்று. கேட்க அழகாக இருக்கிறது. தந்தையின் பெயர் ஊருக்கே தெரிந்திருக்கும். அவர் 'தோன்' ஆக இருந்தால் ஏடு மட்டும் அவரைக் காப்பாற்றும்.

நம் கரையிலிருந்தும் ஆட்கள் அந்த ஏட்டுக்குள் போயிருக்கிறார்கள். மணிலாவிலிருந்து அகாபுல்கோவுக்குப் போன ஸ்பானியக் கப்பல்களில் ஆசிய அடிமைகளும் போனார்கள். பிலிப்பைன்ஸ், மலபார், வங்காளம், எங்கிருந்து வந்தாலும் எல்லோருக்கும் ஒரே சொல்: 'சீனோ', சீனர். அவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த ஒருத்தி மிர்ரா. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாய இந்தியாவில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போது போர்ச்சுகீசியக் கடற்கொள்ளையர்களிடம் சிக்கினார். கொச்சியில் திருமுழுக்கு கொடுத்து கத்தரினா தெ சான் ஹுவான் என்று பெயர் மாற்றினார்கள். மணிலா வழியாக மெக்சிகோவின் புவெப்லா நகரத்துக்கு விற்கப்பட்டார். 1688இல் அங்கேயே இறந்தார். பக்தியால் புகழ்பெற்றதால் அவருடைய கதை எழுதப்பட்டது. 'சீனோ' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஊரும் மொழியும் தாய் தந்தையும் தொலைந்துபோனவர்களுக்குக் கதை இல்லை. 1672இல் அரச ஆணை சீனோ அடிமைகளை விடுவித்தது. அதன் பிறகு அவர்களில் பலர் 'இந்தியோ'க்களோடு கலந்து ஏட்டிலிருந்தே மறைந்தார்கள். ததியானா செய்ஹாஸ் 2014இல் வெளியிட்ட நூல் இந்தக் கதையைத்தான் சொல்கிறது.

அழித்த பிறகு

1810இல் தொடங்கிய விடுதலைப் போரில் அடிமைமுறையையும் கப்பத்தையும் ஒழிப்பதாக மிகேல் இதால்கோ அறிவித்தார். இனி இந்தியோ, முலாத்தோ, காஸ்தா என்று யாரையும் அழைக்கக் கூடாது, எல்லோரும் அமெரிக்கர்கள் என்று மொரேலோஸ் அறிவித்தார். 1813இல் அவர் முன்வைத்த கொள்கை அறிக்கையின் 15ஆம் பிரிவு, அடிமைமுறையையும் காஸ்தா வேறுபாட்டையும் என்றென்றைக்குமாகத் தடைசெய்கிறது. மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்க வேண்டியது நற்பண்பும் தீப்பண்பும் மட்டுமே என்கிறது. 1815இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் கொள்கை நின்றது. 1822 செப்டம்பர் 17 அன்று மெக்சிகோவின் நாடாளுமன்றம், குடிமக்களை அவர்களின் பிறப்பு வகையால் குறிப்பதைத் தடைசெய்தது. கோயில் பதிவேடுகளுக்கும் அது பொருந்தியது. சில ஊர்களில் பழைய பழக்கம் சில காலம் நீடித்தாலும், மெல்ல மெல்ல ஓரக்குறிப்பு காலியானது. 1829இல், ஆப்பிரிக்க வம்சம் கலந்த குடியரசுத் தலைவரான விசென்தே கெர்ரேரோ அடிமைமுறையை ஒழிக்கும் ஆணையில் கையெழுத்திட்டார்.

இது மகத்தான வெற்றி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு குழந்தையின் தலை ஈரம் காயும்முன் அதன் தரத்தை எழுதும் வழக்கம் ஒழிந்தது நல்லதே.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நிலம் யாரிடம் இருந்ததோ அவரிடமே இருந்தது. சுரங்கமும் தோட்டமும் அப்படியே. 20ஆம் நூற்றாண்டில், புரட்சிக்குப் பிறகு, நாம் எல்லோரும் மெஸ்திஸோ, கலந்த மக்கள் என்பது அரசின் கொள்கையானது. ஹோசே வாஸ்கொன்செலோஸ் 1925இல் அதற்கு ஒரு தத்துவ நூலே எழுதினார். இன வகை கேட்ட கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1921இல் நடந்தது. எல்லோரும் ஒன்று என்ற அந்தக் கதைக்குள் கறுப்பின மக்கள் காணாமல் போனார்கள். கொன்சாலோ அகிர்ரே பெல்த்ரான் 1946இல் மெக்சிகோவின் கறுப்பின மக்களைப் பற்றி நூல் எழுதியபோது, பழைய ஆவணங்களைத் தோண்டித்தான் அவர்கள் இருந்தார்கள் என்பதையே நிறுவ வேண்டியிருந்தது. கெர்ரேரோ, வஹாகா கடற்கரைகளில் அவர்கள் கண்ணெதிரே வாழ்ந்துகொண்டிருந்தபோதே இந்த நிலைமை. சொந்த நாட்டில் பயணம் செய்யும்போது, நீ கியூபாவா, மெக்சிகோவில் கறுப்பர்கள் கிடையாதே என்று அவர்களை அதிகாரிகள் நிறுத்திக் கேட்ட கதைகளை அவர்கள் சொல்கிறார்கள்.

பல ஆண்டுகள் போராடிய பிறகுதான் 2019 ஆகஸ்டில் ஆப்பிரிக்க மெக்சிகர்களை அரசமைப்புச் சட்டம் அங்கீகரித்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதல்முறையாக முழுமையாகக் கேட்டபோது, 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர், மக்கள்தொகையில் 2 விழுக்காடு, தங்களை ஆப்பிரிக்க வம்சத்தினர் என்று அடையாளப்படுத்திக்கொண்டார்கள். அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று: எங்களை எண்ணுங்கள்.

எந்தச் சொல்லை அழிக்க ஒரு தலைமுறை உயிர் கொடுத்ததோ, அதே சொல்லை இன்னொரு தலைமுறை ஏட்டில் எழுதச் சொல்லிக் கேட்கிறதே, இது முரண் இல்லையா? இல்லை. முன்னது கப்பம் வாங்க, கதவடைக்க மேலிருந்து ஒட்டிய சொல். பின்னது, பள்ளியும் மருத்துவமனையும் எங்கள் ஊருக்கு ஏன் வரவில்லை என்று கணக்குக் கேட்க, மக்கள் தாமே எடுத்துக்கொண்ட சொல். யார் எழுதுகிறார், எதற்காக எழுதுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1931க்குப் பிறகு நம் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தவிர மற்ற சாதிகளை எண்ணவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் எண்ணப்போவதாக 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அரசு அறிவித்தது. எண்ணினால் சாதி வளரும் என்று அஞ்சுபவர்களும், நான் சாதி பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே தலைமுறைச் சொத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் மெக்சிகோவின் காலியான ஓரக்குறிப்பை ஒருமுறை பார்க்கலாம். இருநூறு ஆண்டுகளாக அங்கே சொல் இல்லை. ஏற்றத்தாழ்வு இருக்கிறது. நிரூபிக்கும் கணக்குத்தான் இல்லாமல் போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேர் தேடுவது இன்று ஒரு மோகமாகிவிட்டது. நம் ஊரில் அது 'ஆண்ட பரம்பரை' ஆகிறது. சுவரொட்டியில் வாளேந்திய மன்னர் வருகிறார். ஒவ்வொரு சாதியும் தன் ராஜாவைத் தேடுகிறது. அந்த ராஜாவின் நிலத்தில் உழுதவர் யார், அவர் யாருடைய தாத்தா என்று எந்தச் சுவரொட்டியும் கேட்பதில்லை. என் தோழியும் ஒரு ஸ்பானியப் பிரபுவைத்தான் தேடிப் போனாள். கிடைத்தது அடிமையாக இருந்த ஒரு தாயும் அவளுடைய சுதந்திரமான மகளும். இப்போது தன் குடும்ப மரத்தை அந்தத் தாயின் பெயரை அடியில் வைத்துத்தான் வரைகிறாள். இருபதாம் நூற்றாண்டுக் குடும்பப் படங்களை மேலே ஒட்டி, கீழே அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலை ஒட்டியிருக்கிறாள். மாமா இன்னும் அவளோடு சரியாகப் பேசுவதில்லை. அம்மா மட்டும் அண்மையில் ஒருநாள் போனில் மெதுவாகக் கேட்டாராம்: அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று சொன்னாய்?